புள்ளி போடாத சீட்டு

இரண்டு வாரத்துக்கு நாற்பத்தொரு புள்ளி.
மஞ்சள் சீட்டுகள் கண்ணாடிச் சுவரில்
'செய்யணும்' வரிசையிலிருந்து
'முடிஞ்சது' வரிசைக்கு
வழுக்கிக்கொண்டு போயின.
ஓசூரில், மூன்றாம் மாடியில்,
ஏசிக் காற்றில் அவை படபடத்தபோது
எங்களுக்கு நாங்களே கைதட்டிக்கொண்டோம்.
ஸ்க்ரம் தேர்வில் எனக்குத் தொண்ணூற்றாறு.
மறைப்பானேன்,
சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன்.

மாம்பழக்கூழ் ஆலை ஒன்றின்
எடைமேடைக்கான மென்பொருள்.
ஜூன் நடுவில் ஆலையிலிருந்து ஒரு மெயில்:
"ஸ்கிரீன் நல்லா வேலை செய்யுது.
நாங்க யூஸ் பண்றதில்ல."

மாதேஷ் இரவெல்லாம் பிழைப்பதிவுகளைத் தோண்டினான்.
பிழையே இல்லை.
கையேட்டில் இன்னும் பத்துப் பக்கம் சேர்க்கலாம்
என்றாள் பெனிட்டா.
நான் கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன்.

பர்கூர் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு லாரிகள்.
பெங்களூரா காய்களின் புளித்த வாசம்,
டீசல், ஈ.
இரவு ஒரு மணி.
தகரக் கூண்டுக்குள் நாகவேணி,
என்னைவிட நாலைந்து வயது சின்னவள்.
மவுஸில் மாம்பால் ஒட்டிக் கறுத்திருந்தது.
அவள் அதைத் தொடவில்லை.
கிழிந்த அட்டைப்பெட்டியின் மடல் ஒன்றில்
வண்டியின் கடைசி நாலு எண்,
எடை,
ஒரு டிக்.
அடுத்த வண்டி.

"தொந்தரகா! தொந்தரகா!"
வெளியே டிரைவர் ஒருவன் கத்தினான்.
தெலுங்கில் 'சீக்கிரம்'.
தொந்தரவு என்றுதான் எனக்குக் கேட்டது,
என்னைத்தான் சொல்கிறான் என்றும்.

ஒரு வண்டிக்கு நாற்பது நொடி.
தாண்டினால் ஹாரன்.
எங்கள் திரையில் நானே நிரப்பிப் பார்த்தேன்:
மூன்று நிமிடம் பத்து நொடி.
பதினொரு பெட்டிகள்.
அதில் ஒன்று 'ஈரப்பதம்'.
மாங்காய்க்கு.

முதல் ஸ்பிரிண்டில் நான் எழுதிய சீட்டு
நினைவுக்கு வந்தது:
"எடைமேடை இயக்குபவராக, எனக்கு
முழு விவரமும் ஒரே திரையில் வேண்டும்."
அந்த 'எனக்கு' யார்?
அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல்
அவள் வாயால் பேசியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பின்னோக்குக் கூட்டம்.
வழக்கமான மூன்று கேள்விகளை எழுதாமல்
அவளிடம் வாங்கி வந்த அட்டை மடலைச்
சுவரில் ஒட்டினேன்.
மாம்பால் மணத்தது.
யாரும் பேசவில்லை.
ஏசியின் சத்தம் மட்டும், வெகுநேரம்.
பிறகு சாதிக்:
"முதல் டெமோவிலேயே ஆலை மேனேஜர் கொட்டாவி விட்டார்.
பார்த்தேன். சொல்லல.
சொன்னா புள்ளி குறையும்."

ஒன்பது கூட்டங்களில்
நான் கேட்ட முதல் உண்மை அது.
எனக்கும் ஒன்று இருந்தது.
அந்தக் கொட்டாவியை
நானும்தான் பார்த்தேன்.

எட்டுப் பெட்டிகளை அழித்தோம்.
அழிப்பதற்குப் புள்ளி உண்டா
என்று கேட்டான் மாதேஷ், பாவம்,
கிண்டலாக இல்லை.
செவ்வாய் இரவு அவனையும் கூட்டிப் போனேன்.
"இந்த பட்டன் பெருசா வேணும்" என்றாள் நாகவேணி.
பழக்கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்து
அங்கேயே மாற்றினான்.
போன் சிக்னல் இரண்டு முறை போனது.
மூன்றாம் முறை திரை வந்தபோது
லாரியின் முன்சக்கரம் மேடையில் ஏறியிருந்தது.
நாற்பத்தெட்டு நொடி.
ஹாரன் அடித்தார்கள்தான்,
ஆனால் ஒருமுறை.

இந்த ஸ்பிரிண்டில் எங்கள் வேகம் பதினாலு.
வரைபடம் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இருக்கிறது.
மேலிடத்தில் கேட்டார்கள்.
பர்கூருக்கு ஓர் இரவு வரச் சொன்னேன்.
இன்னும் வரவில்லை.
சான்றிதழ் அங்கேயேதான் தொங்குகிறது,
கழற்ற நேரமில்லை.

கிளம்பும்போது அவளிடம் கேட்டிருந்தேன்,
"இப்ப எப்படி இருக்கு?"
"பரவால்லக்கா."

நல்லாயிருக்கு என்ற பரவாயில்லையா,
போதும் விடுங்க என்ற பரவாயில்லையா?
மாதேஷுக்கும் தெரியவில்லை.
அடுத்த செவ்வாய் கேட்க வேண்டும்.
சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன்,
புள்ளி போடாமல்.